நாக்கு சொன்ன கடை

ஊரார் 'நாக்கு' என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடும் மனிதரின் இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வெந்து சுருங்கிக் கிடக்கும். ஒரு சமையல்காரன் அடுப்பிலிருந்த வெந்நீரைப் பாத்திரத்தோடு எடுத்து வீசியதால் வந்த தழும்பு அது. அந்தப் பாத்திரத்தை வீச வைத்தது ஒரே ஒரு வாக்கியம். "அங்க மீன் வேண்டாங்க, எண்ணெய் பழசு." வழிப்போக்கன் ஒருவனிடம் சொன்னது காற்றுவாக்கில் கடைக்காரன் காதுக்குப் போய்விட்டது. வேறு ஆளாக இருந்தால் அன்றோடு வாயைத் தைத்துக்கொண்டிருப்பான். நாக்கு மறுநாளே கையில் கட்டோடு முச்சந்திக்கு வந்து, கேட்டவர்களிடமெல்லாம் அதே வாக்கியத்தைச் சொன்னார். அந்தச் சமையல்காரன்தான் கடையைக் காலி செய்துகொண்டு போனான்.

அவருடைய தொழில் சாணை பிடிப்பது. மோட்டார் வைத்த சாணைக்கல்லை ஸ்கூட்டரின் பின்னால் கட்டிக்கொண்டு ஊரிலுள்ள ஓட்டல் சமையல்கட்டுகளுக்கெல்லாம் போவார். கத்தி தீட்டுகிறவன் வாசல் வழியாகப் போவதில்லை, பின்கதவு வழியாகத்தான் போவான். பின்கதவில் எந்தக் கடைக்கும் ஒளிவுமறைவு இல்லை. கத்தியில் ஒட்டியிருக்கும் கொழுப்பை முகர்ந்தே எது நேற்றைய இறைச்சி, எது போன வாரத்து இறைச்சி என்று சொல்லிவிடுவார். மதியத்துக்குமேல் முச்சந்தியில் ஸ்கூட்டரை நிறுத்திப் பொதுஜனத்துக்குத் தீட்டுவார். பாதிப் பேர் கத்தியைக் கொடுக்க வருவார்கள், மீதிப் பேர் எங்கே சாப்பிடலாம் என்று கேட்க வருவார்கள். இரண்டு கூட்டத்துக்கும் அவர் ஒரே முகத்தைத்தான் காட்டுவார்.

"மீன் வேணும்னா மார்க்கெட்டுக்குப் பின்னால, படிக்கட்டுக்கு அடியில ஒரு கடை. பலகை கிடையாது, புகை வர்ற இடத்துக்குப் போங்க. சீக்கிரமே போயிடுங்க, நேரம் ஆனா எண்ணெய் கறுத்துடும். கொறிக்கணும்னா சினிமா கொட்டகைக்கு எதிர்ல வறுத்த பட்டாணி. பொட்டலத்துல வாங்காதீங்க, சட்டியிலேர்ந்து நேரா அள்ளிக் குடுக்கச் சொல்லுங்க. ஒயினா? பாலத்துக்கு இந்தப் பக்கம் அக்கா கடை. ஜன்னல்ல அழகா அடுக்கி வெச்சிருக்கும், அதைத் தொடாதீங்க, வெயில்ல வெந்தது. உள் ரூம்ல படுக்க வெச்சிருக்கும் பாருங்க, அதைக் கேளுங்க. அக்கா முறைப்பாங்க. முறைக்கட்டும், நீங்க கேளுங்க."

இதற்காக அவர் யாரிடமும் கை நீட்டியதில்லை, யாருக்காகவும் வார்த்தையை மாற்றியதும் இல்லை. ஒருமுறை இரண்டு சுமைதூக்கிகள், நாக்கு சொன்னது சிவப்பு ஒயினா வெள்ளை ஒயினா என்று அடித்துக்கொண்டதில் ஒருத்தனுக்கு முன்பல் இரண்டு போயிற்று. பல் போனவன் வாயில் துணியை அடைத்துக்கொண்டு வந்து, "நான் சொன்னதுதானேண்ணே சரி?" என்று கேட்டான். சரிதான் என்று தெரிந்ததும் பல் முளைத்துவிட்ட சந்தோஷத்தோடு போனான். அவர் வாக்குக்கு ஊரில் அப்படி ஒரு மதிப்பு.

இப்படிப்பட்டவருக்குத்தானா இப்படி ஒரு மாப்பிள்ளை வாய்க்கவேண்டும்?

தங்கையின் புருஷன் கப்பலில் கரி தள்ளி, சரக்கு தூக்கி, உடம்பை இரும்பாக்கி வைத்திருந்தவன். இந்த ஆளுக்கு 'அவர்' போட மனசு வரவில்லை, போடப்போவதும் இல்லை. கடலில் போன நாளெல்லாம் அவனால் யாருக்கும் தொல்லை இல்லை. வருஷத்தில் சில வாரம் கரைக்கு வருவான், தங்கை அந்தச் சில வாரமும் முழுக்கை ரவிக்கை போடுவாள். அது ஏன் என்று நாக்குக்கு அப்போது உறைக்கவில்லை. கடைசிப் பயணத்தில் ஏதோ ஒரு காய்ச்சல் வந்து அவனுடைய ருசியையும் வாசனையையும் கொண்டுபோய்விட்டது. சர்க்கரையும் சாம்பலும் அவனுக்கு ஒன்றுதான். அது வீட்டார் நாலு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். அப்படிப்பட்டவன் கரையில் இறங்கி ஆரம்பித்த தொழில் என்ன தெரியுமா? சாப்பாட்டுக் கடை! குருடன் சாயக்கடை வைத்த கதைதான். ஆனால் அவனிடம் ஒரு கணக்கு இருந்தது. பெண்டாட்டியின் கைமணம் ஊருக்குத் தெரியும், மச்சான் வாயோ ஊரையே ஆட்டி வைக்கும். இரண்டுமே வீட்டுச் சொத்து, வேறு முதல் எதற்கு?

ஒயின் கடை அக்காவுக்கு நேர் எதிரே இடம் பிடித்தான். திறந்த அன்று நாக்கு போய் உட்கார்ந்து எலும்பு சூப்பை ஒரு வாய் வைத்தார். உப்பு மண்டையில் அடித்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. முதல் நாள் பதற்றம், கை தவறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, தண்ணீர் குடித்தே கிண்ணத்தைக் காலி செய்தார்.

"என்ன மச்சான், ஊருக்கெல்லாம் வழி சொல்றீங்க, நம்ம கடைக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?" என்றான் மாப்பிள்ளை, தோளில் கை போட்டு.

"கொஞ்சம் கை பழகட்டும் மாப்பிள்ளை. நான் பொய் சொன்னா அப்புறம் என் சொல்லு உங்களுக்கே உதவாது."

மாப்பிள்ளை சிரித்தான். தோளில் இருந்த கை மட்டும் சிரிக்காமல் இறுகியது.

அடுத்த முறை தீட்டுவதற்குக் கத்தி வாங்கப் போனபோது தங்கையின் சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டியிருந்தன. கதவிடுக்கில் சிக்கிவிட்டது என்றாள். அதற்கடுத்த முறை உதடு கிழிந்திருந்தது. அலமாரி இடித்துவிட்டது என்றாள். வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பப்போனவரை எதிர்க்கடை அக்கா கையைத் தட்டிக் கூப்பிட்டாள். புருஷன் போனபின் தனியாகவே கடையை நடத்துகிறவள் அவள். வாய் திறந்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான்.

"கதவும் அலமாரியும் உன் தங்கச்சியை மட்டும் தேடித் தேடி அடிக்குதா தம்பி? நாலு மேஜையும் காலியா இருந்தா அவன் ஷட்டரைப் பாதி இறக்குறான். அப்புறம் சத்தம் வருது. நான் போலீசைக் கூப்பிட்டேன். வந்தவரு அவன்கிட்டயே ஒரு சூப்பு வாங்கிக் குடிச்சுட்டு, உப்பு ஜாஸ்தின்னு சொல்லிட்டுப் போனாரு. அவர் போனப்புறம் அந்த உப்புக்கும் சேர்த்து அடிச்சான்."

நாக்கு வந்த வழியே திரும்பிப் போனார். சமையல்கட்டுக்குள் நுழைந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்தார். ஆத்திரம் இருந்தது, பலம்தான் இல்லை. கப்பல் சரக்கைத் தூக்கிய கை அவர் பிடரியைப் பிடித்து அடுப்பு மேடை விளிம்பில் மோதியது. ஒரு தடவை, இன்னொரு தடவை. புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. தங்கைதான் நடுவில் விழுந்து விலக்கினாள், விலக்கினதற்கு வயிற்றில் ஓர் உதையும் வாங்கினாள்.

"அவளை நான் கூட்டிட்டுப் போறேன்," என்றார் நாக்கு, தரையிலிருந்து.

"கூட்டிட்டுப் போங்களேன். கடையில யாரு சமைக்கறது, நீங்களா? அவ உங்க வீட்டுப் படி ஏறட்டும், அந்தப் படியிலயே வெட்டிப் போடறேன்." மாப்பிள்ளை மூச்சு கூட வாங்கவில்லை. ஒரு துணியை எடுத்து மச்சானின் நெற்றியில் அழுத்தினான், பரிவோடு. "எனக்கு மட்டும் ஆசையா மச்சான்? கடை ஓடினா நான் ஏன் அடிக்கப்போறேன்? ஆளை அனுப்புங்க. அவ்வளவுதான்."

தங்கை ஒரு கிண்ணம் சூப்பை அண்ணன் முன்னால் வைத்தாள். குடித்துவிட்டுப் போ என்பது போல நின்றாள். நாக்கு ஒரு வாய் குடித்தார். அன்றைக்கு இருந்ததைவிட மோசம். உப்பு நாக்கை அரித்தது. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் கொட்டாமல், கட்டுப்போட்ட விரல்களை மறு கையால் பிடித்துக்கொண்டு.

"எப்படி இருக்குண்ணா?"

நாக்கு பக்கத்தில் நிற்கிறவனைப் பார்த்தார். "நல்லா இருக்கும்மா," என்றார்.

பிறந்ததிலிருந்து சாப்பாட்டு விஷயத்தில் அவர் சொன்ன முதல் பொய் அது. தங்கையின் முகம் அப்படியே வாடிப்போயிற்று. கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டாளோ என்று அவர் வருத்தப்பட்டார். அட மண்டு!

மறுநாளிலிருந்து முச்சந்தியில் ஒரே பாட்டுதான். மீன் கேட்டவனுக்கும் அந்தக் கடை, இறைச்சி கேட்டவனுக்கும் அந்தக் கடை. ஒயின் கேட்டவனிடம், "வாங்கிட்டு எதிர்ல போங்க, சூப்போட சேர்த்துக் குடிச்சா அமிர்தம்," என்றார். நாக்கு சொன்ன கடை ஆயிற்றே, ஊர் திரண்டு போனது. நாலு மேஜை எட்டாயிற்று. போனவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தாலும், இன்றைக்கு ஏதோ தவறிவிட்டது போல, நாக்கு பொய் சொல்ல மாட்டார் என்று இன்னொரு நாளும் போனான். நல்ல பெயர் சம்பாதிப்பது எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு கஷ்டம் அதைக் கெடுப்பதும்.

ஆனாலும் கெட்டது. ஒருநாள் உப்பு, ஒருநாள் கருகல், ஒருநாள் ரத்தம் கசியும் பச்சை இறைச்சி என்றால் எத்தனை நாள் பொறுப்பார்கள்? முதலில் வந்து முணுமுணுத்தார்கள். அப்புறம் ஒருத்தன் சாணைக்கல் மேல் காறித் துப்பினான். ஒரு கல்யாண வீட்டுக்காரர் ஒயின் பாட்டிலை அவர் காலடியில் போட்டு உடைத்தார். கடைசியில் அந்தச் சுமைதூக்கிகள், சிவப்பு வெள்ளைக்கு அடித்துக்கொண்ட அதே ஜோடி, இரவெல்லாம் வாந்தி எடுத்துவிட்டு வெளிறிய முகத்தோடு வந்து, "உன்னை நம்பினோமே!" என்று சொல்லிச் சொல்லி மிதித்தார்கள். பல் போனவன் அழுதுகொண்டே மிதித்தான். விலா எலும்பு ஒன்று விரிசல் விட்டது.

நாக்கு அதையெல்லாம் ஒரு சந்தோஷத்தோடு வாங்கிக்கொண்டார் என்றால் நம்புவீர்களா? தன் மேல் விழுகிற ஒவ்வொரு அடியும் தங்கை மேல் விழாத அடி என்று அவர் நினைத்தார். மேஜை நிறைந்திருக்கிறது, மாப்பிள்ளை குளிர்ந்திருப்பான், அவள் நிம்மதியாக இருப்பாள். மூச்சு விட்டால் வலிக்கிற நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அடுத்து வந்த வெளியூர்க்காரரிடம் அந்தக் கடைக்கே வழி சொன்னார்.

அப்புறம் ஒரு சாயங்காலம், தீட்டிய கத்திகளைத் துணியில் சுருட்டிக்கொண்டு பின்கதவு வழியாகப் போனார். மாப்பிள்ளையின் பெரிய வெட்டுக்கத்தியும் அதில் இருந்தது. எலும்பையும் வெண்ணெயையும் ஒரே மாதிரி வெட்டும் அளவுக்குத் தீட்டியிருந்தார். மொண்ணையாகத் தீட்ட அவருக்குத் தெரியாது, அந்தக் கை இன்னும் பொய் சொல்லப் பழகவில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் கூடம் நிறைந்திருந்தது. திரைக்கு இந்தப் பக்கம் மாப்பிள்ளை தங்கையின் கூந்தலைச் சுற்றிப் பிடித்து, தலையைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தான். திரும்பி வந்த கிண்ணங்கள் மேடையில் வரிசையாக இருந்தன, எல்லாம் முக்கால்வாசி நிறைந்தபடி. "எட்டு மேஜை! எட்டு மேஜை உட்கார்ந்திருக்கான்! எல்லாவனும் மூஞ்சியைச் சுளிக்கறான்!" ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மோதல். அந்தச் சத்தம் கூடத்தில் கேட்காமலா இருந்திருக்கும்? கேட்டது. ஒருத்தர் தொண்டையைக் கனைத்தார், இன்னொருத்தர் ரொட்டி கேட்டார். மனுஷ ஜென்மங்கள்!

நாக்கு கத்திச் சுருட்டை மேடையில் போட்டுவிட்டு அவன் கையைப் பிடித்து இழுத்தார். "கூட்டம்தான் வந்துடுச்சே! இன்னும் ஏண்டா அடிக்கிறே?"

பிடி நழுவியது. தங்கை சரிந்து உட்கார்ந்தாள். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. அவள் புருஷனைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் இருந்த கோபத்தை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"உன்னாலதான்ணா," என்றாள். "நான் உப்பை அள்ளிக் கொட்டறேன், நீ ஆளை அள்ளிக் கொட்டறே. எத்தனை நாள் கொட்டினேன்! எத்தனை அடி வாங்கிட்டுக் கொட்டினேன்! கடை படுத்திருந்தா இவன் இந்நேரம் கப்பலுக்குப் போயிருப்பான். கம்பெனியில கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. நான் நிம்மதியா இருந்திருப்பேன். உன் முன்னாடியே கொண்டு வந்து வெச்சேனே, உனக்குக் கூடவா தெரியல? என் கைக்கு உப்பு தவறுமாண்ணா? ஒரு நாளாவது தவறியிருக்கா?"

தவறியதில்லை. சின்ன வயதில் அடுப்புக்கு எட்டாமல் பெட்டி மேல் ஏறி நின்று சமைத்த நாளிலும் தவறியதில்லை. கத்தியை முகர்ந்தே கடையின் ஜாதகத்தைச் சொல்கிற ஆளுக்கு, தங்கை கிண்ணத்தில் வைத்து நீட்டியது தெரியவில்லை. ஊருக்கெல்லாம் வழி சொன்ன வாய், அவள் தப்பிக்கும் வழியில் எட்டு மேஜையைப் போட்டு அடைத்துவிட்டது.

ஆனால் அந்தப் பேச்சை அவர் மட்டும் கேட்கவில்லை.

"வேணும்னே கொட்டினியா?" என்றான் மாப்பிள்ளை. குரல் தணிந்திருந்தது. ருசி தெரியாத தன்னைப் பெண்டாட்டி கைக்குள் வைத்து ஏமாற்றியிருக்கிறாள் என்பது அவனுக்கு மெல்ல மெல்லத்தான் ஏறியது. ஏறியதும் குழிக்கரண்டியைக் கொதிக்கிற சூப்பு அண்டாவில் விட்டு மொண்டான். தங்கையின் முகத்தை நோக்கி ஓங்கினான்.

நாக்கு குறுக்கே பாய்ந்தார். மாப்பிள்ளை இடது கையால் அவர் தாடையைப் பிடித்துக்கொண்டான். கட்டைவிரலைக் கன்னத்தில் குத்தி வாயைப் பிளந்தான்.

"உனக்குமா தெரியல? நீதானே ஊருக்கே நாக்கு! நல்லா இருக்குன்னு சொன்னியே! இப்ப ருசி பாருடா, ருசி பாரு!"

கரண்டியை முழுசாக உள்ளே கவிழ்த்தான். நாக்கின் தொண்டையிலிருந்து வந்த சத்தம் மனுஷச் சத்தமாக இல்லை. கொதிக்கிற கொழுப்பு நாக்கிலும் அண்ணத்திலும் ஒட்டிக்கொண்டு வேகவைத்தது. கால்கள் உதறின. மாப்பிள்ளை விடவில்லை. அவர் தலையை மேடையில் வெட்டுக்கட்டைமேல் சாய்த்து அமுக்கிக்கொண்டு, இரண்டாவது கரண்டி மொள்ளக் கையை நீட்டினான்.

தங்கை எழுந்தாள். துணிச் சுருட்டிலிருந்து வெட்டுக்கத்தியின் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அண்டா விளிம்பில் இருந்த அந்தக் கையைப் பார்த்து ஓங்கி ஒரே போடு போட்டாள்.

அண்ணன் தீட்டிய கத்தி. இரண்டாவது வெட்டு தேவைப்படவில்லை. விரல்கள் சூப்புக்குள் விழுந்தன, கரண்டி தரையில் விழுந்து சுழன்றது. மாப்பிள்ளை ஒரு கணம் வலியே தெரியாமல் தன் கையைப் பார்த்தான். அப்புறம் அலறினான், அலறிக்கொண்டே மறு கையால் அவள் கழுத்தைப் பிடித்தான். இருவரும் திரையைக் கிழித்துக்கொண்டு கூடத்தில் விழுந்தார்கள். மேஜை சாய்ந்தது, கிண்ணங்கள் நொறுங்கின, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சுவரோடு ஒட்டி நின்று வேடிக்கை பார்த்தார்கள். எதிர்க்கடை அக்கா தெருவைத் தாண்டி ஓடி வந்தாள். கையில் நிறைந்த பாட்டில் ஒன்று. அவன் பின்மண்டையில் அடித்தாள். பாட்டில் உடையவில்லை, அவன்தான் சுருண்டான். எழ முயன்றான், இன்னொரு முறை அடித்தாள். அப்போதுதான் உடைந்தது. ஒயினும் ரத்தமும் ஒன்றாக ஓடின.

"போலீசைக் கூப்பிடுங்க," என்றாள் அக்கா, சுவரோடு நின்றவர்களைப் பார்த்து. "இந்தத் தடவை வந்தா சூப்பு வேணாம்னு சொல்லுங்க."

கடைக்குப் பூட்டு விழுந்தது. மாப்பிள்ளை உள்ளே இருக்கிறான். எட்டு மேஜைக்காரர்களும் சாட்சி சொல்லத் தயங்கினார்கள், அக்கா ஒருத்திதான் விடாமல் நீதிமன்றப் படி ஏறி இறங்கினாள். தங்கையையும் பிடித்து வைத்திருந்துவிட்டு, உயிரைக் காப்பாற்றச் செய்தது என்று வக்கீல் வாதாடியதில் ஜாமீனில் வெளியே விட்டார்கள். வழக்கு நடக்கிறது. விரல் இல்லாத கைக்கு இனிக் கப்பலில் வேலை கிடைக்காது. அவன் என்றைக்காவது வெளியே வந்தால் கரையில்தான் இருப்பான். அது தங்கைக்குத் தெரியும். அந்த வெட்டுக்கத்தி நீதிமன்றத்தில் இருப்பதால் இன்னொன்று வாங்கி அண்ணனிடம் தீட்டச் சொன்னாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நன்றாகவே தீட்டிக் கொடுத்தார்.

அவள் இப்போது அண்ணன் வீட்டில் இருக்கிறாள். நாக்கு வாரக்கணக்கில் குழாய் வழியாகத்தான் சாப்பிட்டார். வெந்த சதை உரிந்து விழுந்து, புதுத் தோல் வந்து, பேச்சு குழறலாகத் திரும்பியது. டாக்டர் பேச்சைப் பற்றி நம்பிக்கையாகச் சொன்னார். மற்றதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றினார்.

குழாயை எடுத்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, தங்கை சூப்பு வைத்தாள். ஆற வைத்து, கிண்ணத்தில் ஊற்றி அண்ணன் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நேராக ஒட்டாத விரல்களை மறு கையால் பிடித்துக்கொண்டாள்.

நாக்கு ஒரு வாய் குடித்தார். இளஞ்சூடு தெரிந்தது. ஏதோ ஒன்று வழிந்து உள்ளே போவது தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை. இன்னொரு வாய் குடித்தார், வாயிலேயே வைத்துக்கொண்டு வெகு நேரம் தேடினார்.

"எப்படி இருக்குண்ணா?"

நல்லா இருக்கு என்று சொல்ல உதடு வரைக்கும் வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு இதே கேள்விக்கு அதே பதிலைச் சொன்னதும் வாடிப்போன முகம்.

"தெரியலம்மா," என்றார் குழறலாக. "எனக்கு ஒண்ணும் தெரியல. நீ சொல்லு."

தங்கை கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, அவர் கரண்டியாலேயே ஒரு வாய் எடுத்துக் குடித்தாள். கண்ணை மூடி நிதானமாக ருசி பார்த்தாள்.

"உப்பு சரியா இருக்குண்ணா," என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு, அழுதுகொண்டே மீதியைக் குடித்தார்.